நல்ல நாள் பார்த்தீர்கள்... நாலு நாள் கொடுத்தீர்களா?

2022, ஆவணி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. காலை 9.15-லிருந்து 10.15-க்குள் நல்ல நேரம். எங்கள் வீட்டு மாடிப் போர்ஷனில் மாப்பிள்ளையின் ஆடிட்டர் ஆபீஸ் திறப்பு. நாள் பார்த்துக் கொடுத்தது யார் என்கிறீர்களா? சாட்சாத் நானேதான்!

ஹாலை அறை அறையாகத் தடுக்க ரெடிமேட் பார்ட்டிஷனுக்கு ஆர்டர் கொடுத்திருந்தோம். திங்கட்கிழமை வர வேண்டிய சரக்கு, புதன்கிழமை சாயங்காலம்தான் வேனில் வந்து இறங்கியது. இரும்பு ஃப்ரேம்கள், பலகைகள், கண்ணாடி, ஒரு மூட்டை ஸ்க்ரூ. கூடவே ஒரு மேஸ்திரி, இரண்டு பையன்கள்.

"இது நாலு நாள் வேலை சார்..." என்று தலையைச் சொறிந்தார் மேஸ்திரி.

"அதெல்லாம் தெரியாதுப்பா. வெள்ளிக்கிழமை காலைல விளக்கேத்தணும். ராத்திரி பகலா செஞ்சு முடிச்சுடுங்க. மேல போட்டுத் தர்றேன்" என்றேன். ஏதோ பெரிய மனசோடு பேசிவிட்டதாக எனக்கு நினைப்பு வேறு!

வியாழக்கிழமை இரவு 9 மணி. மாடிக்குப் போய் எட்டிப் பார்த்தேன். பையன்களில் சின்னவன், இருபது வயது இருக்கலாம், ஸ்டூல் மேல் நின்றுகொண்டு, அண்ணாந்தபடி, தலைக்கு மேலே இருந்த இரும்புச் சட்டத்தில் ட்ரில் போட்டுக்கொண்டிருந்தான். சட்டென்று நிறுத்திவிட்டுக் கண்ணைக் கசக்கினான்.

"என்னப்பா ஆச்சு?"

"ஒண்ணும் இல்ல டாக்டர். தூசி."

நான் 30 வருஷத்துக்கு மேல் கிளினிக் நடத்துகிற டாக்டர். "இங்கே வா, பார்க்கலாம்" என்று கூப்பிட எனக்கு ஒரு நிமிஷம் ஆகியிருக்கும். கூப்பிடவில்லை. வேலை முடிய வேண்டுமே என்ற கவலை. "சரி சரி, பார்த்துச் செய்" என்று சொல்லிவிட்டு இறங்கி வந்து படுத்துவிட்டேன். அவன் ஒற்றைக் கண்ணோடு விடியற்காலை 2 மணி வரை வேலை செய்திருக்கிறான்.

காலையில் எல்லோரும் கேசரி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, மாடிப்படியில் கண்ணைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். விலக்கிப் பார்த்தேன். என் கை நடுங்கியது. கருவிழியின் நடுப்பக்கத்தில் இரும்புத் துகள் ஒன்று குத்திக்கொண்டிருந்தது. சுற்றிலும் துரு படர ஆரம்பித்திருந்தது. கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். துகளை எடுத்தார்கள். துருவைச் சுரண்டினார்கள். பிறகு கிருமித் தொற்றும் சேர்ந்துகொண்டது. கடைசியில் கண் பிழைத்தது. ஆனால் கருவிழி நடுவே தழும்பு விழுந்துவிட்டது. அந்தக் கண்ணில் பார்வை மங்கல்தான்.

செலவை நாங்கள் ஏற்றுக்கொண்டோம். அதைப் பெருமையாகச் சொல்ல என்ன இருக்கிறது?

இதை எதற்கு ஊரறியச் சொல்கிறேன்? நம் வீட்டிலும் ஆபீஸிலும் நடக்கிற இந்த மாதிரி விபத்துகளுக்கு ட்ரில் மெஷினையும், பையனின் கவனக்குறைவையும் காரணம் சொல்லித் தப்பித்துக்கொள்கிறோம். என் அபிப்பிராயம் வேறு. பாதி விபத்து, வேலை கொடுக்கிற நாம் தருகிற அவசரத்தில் பிறக்கிறது. அந்த அவசரத்தை நிறுத்துவதும் நம் கையில்தான் இருக்கிறது.

பார்த்தால் பொம்மை விளையாட்டு!

ரெடிமேட் பார்ட்டிஷனைப் பார்த்தால் பிள்ளைகள் விளையாடும் மெக்கானோ செட் போலத்தான் இருக்கும். ஃப்ரேமை நிறுத்து, ஸ்க்ரூவை முடுக்கு, பலகையை மாட்டு... "இதுக்குப் போய் நாலு நாளா?" என்று நமக்குத் தோன்றுகிறது. சிக்கலே அங்கேதான்.

ஒரு தபால் கார்டை மேஜைமேல் நேராக நிறுத்திப் பாருங்கள். விழும். நடுவில் மடித்து நிறுத்துங்கள். நிற்கும். பார்ட்டிஷனின் சூட்சுமம் அவ்வளவுதான். 1968-ல் அமெரிக்காவின் ஹெர்மன் மில்லர் கம்பெனிக்காக ராபர்ட் ப்ராப்ஸ்ட் என்பவர் உருவாக்கிய தடுப்புகளிலிருந்து இன்றைய ஆபீஸ் தடுப்பு வரை, ஒன்றோடு ஒன்று கோணத்தில் சேர்ந்தால்தான் ஸ்திரம். ஆகவே வேலையை மூலையில் ஆரம்பிக்க வேண்டும். முதலில் தரையில் நூல் போட்டுக் கோடு. அப்புறம் 'ட' வடிவில் இரண்டு ஃப்ரேம். கீழே இருக்கும் திருகுகால்களைத் திருகி, ரசமட்டம் வைத்து மட்டம் பார்க்க வேண்டும். சுவரிலோ தரையிலோ பிடிமானம் கொடுத்த பிறகுதான் அடுத்த ஃப்ரேம். பலகையைக் கீழிருந்து மேலாக மாட்ட வேண்டும். கண்ணாடி கடைசியில்.

அவசரத்தில் என்ன செய்கிறார்கள்? எல்லா ஃப்ரேமையும் வரிசையாக நிறுத்திவிட்டு, "பிடிமானம் அப்புறம் பார்த்துக்கலாம்" என்கிறார்கள். அந்த 'அப்புறத்துக்குள்' யாராவது சாய்ந்துகொண்டால் போதும், வரிசையே சரியும். பிரித்து வைத்த ஃப்ரேமைச் சுவரில் சாய்த்து வைப்பதும் இப்படித்தான். வீட்டில் ஓடி விளையாடும் குழந்தைகள் இருந்தால் இன்னும் ஆபத்து. தரையில் படுக்கப் போடச் சொல்லுங்கள். இடமில்லையா? கயிறு போட்டு ஜன்னல் கம்பியில் கட்டச் சொல்லுங்கள்.

எடையையும் கொஞ்சம் யோசியுங்கள். 12 மில்லிமீட்டர் கண்ணாடி, சதுர மீட்டருக்கு 30 கிலோ. 7 அடிக்கு 4 அடி என்றால் ஒரே கண்ணாடி சுமார் 78 கிலோ! மூன்று 25 கிலோ அரிசி மூட்டைகளை விடக் கனம். அதை இரண்டு பேர் மாடிப்படியில் தூக்கி வருவதைப் பார்த்து, "பழக்கப்பட்டவங்க" என்று நாம் சும்மா இருக்கிறோம். முதுகெலும்புக்கு ஏதுங்க பழக்கம்? கூட இரண்டு ஆள் கேளுங்கள். கண்ணாடி டஃபண்டு கண்ணாடிதானா என்றும் கேளுங்கள். அது உடைந்தால் சின்னச் சின்னத் துண்டாக உதிரும். சாதாரணக் கண்ணாடி கத்தி கத்தியாகப் பிளக்கும்.

நீங்கள் கேட்க வேண்டியவை

"வேலை தெரிஞ்சவங்களுக்கு நாம என்னத்தைச் சொல்றது?" என்பீர்கள். ஸ்க்ரூ முடுக்கும் முறையைச் சொல்லித் தர வேண்டாம். வேலை ஆரம்பிக்கும் முன் நாலே நாலு விஷயம் கேளுங்கள்.

"கண்ணாடி எங்கேப்பா?" ட்ரில் போடுகிறவருக்கும், சட்டம் அறுக்கிறவருக்கும், கீழே நின்று பிடிக்கிறவருக்கும் பக்கவாட்டிலும் மூடிய பாதுகாப்புக் கண்ணாடி வேண்டும். ஹார்டுவேர் கடையில் நூறு இருநூறு ரூபாய்க்குள் கிடைக்கிறது. அவர்களிடம் இல்லையென்றால் நீங்கள் வாங்கிக் கொடுங்கள். திறப்பு விழா இனிப்புக்கு ஆகிற செலவில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. ஆயுத பூஜைக்கு ட்ரில்லுக்குப் பொட்டு வைக்கிறோம். அதைப் பிடிக்கிறவன் கண்ணை மறந்துவிடுகிறோம்.

"ஏணி இருக்கா?" மேஜைமேல் ஸ்டூல், ஸ்டூல்மேல் ஆள் என்ற சர்க்கஸ் வேண்டாம். பிளாஸ்டிக் நாற்காலி வேண்டவே வேண்டாம். நாலு காலும் தரையில் பதியும் மடக்கு ஏணிதான் சரி. சுவரில் சாய்க்கும் ஏணி என்றால் 4 அடி உயரத்துக்கு 1 அடி தள்ளிக் கால் இருக்க வேண்டும்.

"பிளக் இருக்கா?" ஒயரின் நுனியைச் சீவி, சாக்கெட்டில் செருகி, தீக்குச்சியால் இறுக்குகிற கெட்டிக்காரத்தனத்தை நாம் எல்லோருமே பார்த்திருக்கிறோம். 230 வோல்ட்டோடு விளையாட்டா? பிளக் மாட்டிய ஒயர்தான் வேண்டும். உங்கள் வீட்டு மெயினில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருந்தால் நல்லது. அதன் டெஸ்ட் பட்டனை அமுக்கி, உடனே விழுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சுவரில் துளை போடும்போது, சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் போடவே கூடாது. உள்ளே ஒயர் ஓடும். எந்தச் சுவரில் எங்கே ஒயர் போகிறது என்று சொல்ல வேண்டியது வீட்டுக்காரரான நாம்தான்.

"தோள்ல துண்டு எதுக்குப்பா?" தொங்கும் துண்டு, தளர்ந்த சட்டைக் கை, இரண்டையும் சுழலும் ட்ரில் பிட் இழுத்துச் சுற்றிக்கொள்ளும். இன்னொரு விஷயம். இரும்புச் சட்டத்தின் ஓரம் பிளேடு மாதிரி இருக்கும். தூக்கும்போது கையுறை அவசியம். ஆனால் ட்ரில் போடும்போது அதே கையுறையைக் கழற்றிவிட வேண்டும். அதுவும் சிக்கிக்கொள்ளும்.

வீட்டில் இருப்பவர்களுக்கு...

பலகை அறுக்கும் தூசி சாதாரணத் தூசி இல்லை. மரத்தூளை, புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் பட்டியலில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு சேர்த்திருக்கிறது. வருஷக்கணக்கில் அதைச் சுவாசிக்கிற தொழிலாளிக்குத்தான் அந்தக் கவலை அதிகம். நம் வீட்டில் இரண்டு நாள் பறப்பதற்காகப் பயந்து நடுங்க வேண்டாம். ஆனால் ஆஸ்துமாக்காரர்களுக்கு அந்த இரண்டு நாளே இழுப்பு வரப் போதும். அறுக்கிற வேலையை மொட்டை மாடியிலோ வாசலிலோ வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அறுப்பவர் மாஸ்க் போடட்டும். சாயங்காலம் துடைப்பத்தால் பெருக்காதீர்கள். அடங்கின தூசி மறுபடி கிளம்பும். ஈரத்துணியால் துடையுங்கள். எம்.டி.எஃப். பலகையிலிருந்து வரும் 'புது வாசனை' அதிலுள்ள பசையின் ஃபார்மால்டிஹைடு. அது கண்ணையும் தொண்டையையும் உறுத்தும். ஏ.சி. போட்டு மூடிக்கொள்ளாமல், முதல் சில நாட்கள் ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

கண்ணில் ஏதாவது விழுந்தால்...

முதல் பாடம், கசக்காதீர்கள். கசக்கினால் மேலாக இருக்கிற துகள் உள்ளே இறங்கும். வெறும் தூசி என்றால் சுத்தமான தண்ணீரால் கண்ணைக் கழுவலாம். தாய்ப்பால், விளக்கெண்ணெய், கைக்குட்டை நுனி... எதுவும் வேண்டாம்.

இரும்பில் ட்ரில் போடும்போதோ, சுத்தியலால் அடிக்கும்போதோ சுரீரென்று தைத்தால், வலி குறைந்துவிட்டாலும் நம்பாதீர்கள். துகள் கண்ணுக்குள்ளேயே போயிருக்கலாம். கண்ணை அழுத்தாமல், ஒரு காகிதக் கப்பால் மூடினாற்போல் பிடித்துக்கொண்டு, அன்றைக்கே கண் டாக்டரிடம் போக வேண்டும். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. இரும்பு சில மணி நேரத்திலேயே துருப்பிடிக்கத் தொடங்கிவிடும். மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் ஏதோ ஒரு சொட்டு மருந்து, காயத்தை மறைக்கும். சில மருந்து கெடுதலும் செய்யும். சென்னைக்காரர்களுக்கு எழும்பூர் அரசு கண் மருத்துவமனை இருக்கிறது. 1819-ல் தொடங்கியது. காசில்லையே என்று எந்தத் தொழிலாளியும் தயங்க வேண்டியதில்லை. ஆனால் அவனைப் போகவிட வேண்டும். "முடிச்சுட்டுப் போப்பா" என்று நாம் சொல்லாமல் இருக்க வேண்டும்.

முகூர்த்தம் எப்போது?

நல்ல நாள் பார்ப்பதைக் குறை சொல்லவில்லை. நானும் பார்க்கிறவன்தான். ஆனால் வரிசை மாறிவிட்டது. வேலை முடிந்த பிறகு நாள் பார்க்க வேண்டிய நாம், நாளைக் குறித்துவிட்டு வேலையை அதற்குள் அடைக்கிறோம். பத்திரிகை அடித்தாயிற்று, கேட்டரிங் சொல்லியாயிற்று, சம்பந்தி வீட்டார் டிக்கெட் எடுத்தாயிற்று... அந்தக் கனம் எல்லாம் கடைசியில் யார் தலையில் இறங்குகிறது? ராத்திரி 9 மணிக்கு ஸ்டூல் மேல் நிற்கிறானே, அந்தப் பையன் தலையில்.

"நாம விட்டாலும் மேஸ்திரி விட மாட்டார். அவருக்கு அடுத்த வேலை இருக்கு" என்பவர்கள் உண்டு. நியாயம்தான். அதனால்தான் ஆர்டர் கொடுக்கும்போதே பேச வேண்டும். எத்தனை நாள், எத்தனை ஆள், ராத்திரி வேலை கிடையாது, சரக்கு தாமதமானால் திறப்பு விழாவும் தள்ளிப்போகும்... இதை நாமே வாய்விட்டுச் சொன்னால் மேஸ்திரிக்கும் நிம்மதி. நான் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

2024-ல் என் கிளினிக்கில் வெயிட்டிங் ஹாலைத் தடுக்க வேண்டியிருந்தது. அதே மேஸ்திரியைக் கூப்பிட்டேன். "எத்தனை நாள் வேணும்?" என்றேன். கொஞ்சம் சந்தேகமாகப் பார்த்துவிட்டு, "நாலு நாள் சார்" என்றார். "அஞ்சு எடுத்துக்கோங்க" என்றேன். திறப்பு நாள் எதுவும் குறிக்கவில்லை. மூன்று ஜோடி பாதுகாப்புக் கண்ணாடி வாங்கி மேஜைமேல் வைத்தேன்.

அந்தப் பையனும் வந்திருந்தான். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டான். டேப்பைப் பிடித்து அளவு பார்க்கும்போது மட்டும், அந்த இடது கண்ணை மூடிக்கொண்டான். ஒவ்வொரு தடவையும்.

வேலை நாலரை நாளில் முடிந்தது. அதற்குப் பிறகுதான் காலண்டரைக் கையில் எடுத்தேன். அடுத்த வாரத்திலேயே நல்ல நாள் இருந்தது. நல்ல நாள் எங்கேயும் ஓடிப்போய்விடாது. கொஞ்சம் காத்திருக்கும்.