நிழலும் நிலைக்க வேண்டும்!

இன்று விரல் தொட்ட நொடியில் படம் எடுத்துவிடுகிறோம். அவற்றுள் எத்தனை நம் பேத்திகளின் கைக்குப் போய்ச் சேரும்?

ஜூலியா மார்கரெட் கேமரன் அம்மையார் 1815-இல் கல்கத்தாவில் பிறந்தவர். 1863-இல், தமது 48-ஆம் வயதில், இங்கிலாந்தில் மகள் பரிசளித்த கேமராவைக் கொண்டு படக்கலையைக் கற்றார். முட்டை வெண்கருவும் வெள்ளி உப்பும் பூசிய தாளில் படங்களை அச்சிட்டார். இரசாயனம் நீங்க நன்கு கழுவாவிட்டால் அத்தகைய படம் விரைவில் மஞ்சளித்து மங்கிவிடும். ஆகவே, பிற்காலத்தில் தம் படங்கள் சிலவற்றைக் கார்பன் முறையில் அச்சிடச் செய்தார். அதில் உருவைத் தாங்குவது வெள்ளியன்று. ஜெலட்டினில் கலந்த நிறமி. அது எளிதில் மங்காது. அம்மையார் 1879-இல் இலங்கையில் மறைந்தார். அவர் படம்பிடித்த முகங்களோ இன்றும் நம்மை நோக்குகின்றன!

"தொலைபேசியில்தான் இருக்கிறதே, அச்சிடும் செலவு எதற்கு?" என்பர் சிலர். தொலைபேசி பழுதானால் என் செய்வது? ஆயிரம் படங்கள் வேண்டாம். ஆண்டுக்குப் பத்துப் படங்களையேனும் அமிலமற்ற தாளில், நிறமி மையால் அச்சிட்டு, வெயிலும் ஈரமும் படாமல் காப்போம். பாட்டியின் முகத்தைப் பேத்திக்குக் காட்டுவதும் ஓர் அன்புத் தொண்டே!