திறந்து கிடந்த நிலவறை



சென்ற ஞாயிறு பூசை முடிந்தபின் வணிகவியல் பயிலும் இளைஞர் ஒருவர் நம்மிடம் வந்தார். "சாமி, எண்ணெய் விற்பது எந்தச் சட்டத்திலும் குற்றமில்லை. அப்படியிருக்க, புகையைக் குறை என்று ஒரு நிறுவனத்துக்கு நீதிமன்றம் எப்படி ஆணையிடலாம்?" என்று வினவினார். ஷெல் நிறுவனத்தின் மீது நெதர்லாந்து நாட்டில் நடந்த வழக்கைப் பற்றி அவருடைய வகுப்பில் பேச்சு எழுந்ததாம். கோயில் வாசலில் நின்றபடியே விடை கூறி முடிக்கத்தக்க வினா அன்று அது. ஆதலால் இம்மாதம் அதையே எடுத்துக்கொண்டோம்.

எண்ணெயை விட்டுவிட்டு முதலில் ஒரு நிலவறையைப் பார்ப்போம். ஆம்ஸ்டர்டாம் நகரில் ஓர் அருந்தகம். குளிர்பானப் பெட்டிகளை இறக்க வந்த பணியாள், தரையோடு தரையாய்ப் பதிந்திருந்த நிலவறைக் கதவைத் திறந்து வைத்துவிட்டுத் தம் வேலையில் முனைந்திருந்தார். கழிவறைக்குச் சென்ற வாடிக்கையாளர் ஒருவர் அதைக் கவனியாமல் உள்ளே விழுந்து பலத்த காயமடைந்தார். இன்ன விதமாய்க் காவல் வைத்தே கதவைத் திறக்கவேண்டும் என்று எழுதிய சட்டம் ஏதும் இல்லை. விழுந்தவர் பார்த்து நடந்திருக்கலாமே என்றும் கேட்கலாம். ஆனால் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1965 நவம்பர் 5-ஆம் நாள் வேறு விதமாய்ச் சிந்தித்தது. மனிதர் கவனக்குறைவாய் இருப்பது எவ்வளவு இயல்பு? அதனால் விபத்து நேர எவ்வளவு வாய்ப்பு? நேர்ந்தால் விளைவு எவ்வளவு கொடிது? அதைத் தடுக்கும் முயற்சி எவ்வளவு கடினம்? இவற்றை எடைபோட்டுத்தான் ஒருவரின் பொறுப்பை அளக்கவேண்டும் என்றது.

இதற்கு அடிப்படையான விதி அந்நாட்டு உரிமையியல் சட்டத்தொகுப்பில், 6-ஆம் புத்தகம் 162-ஆம் பிரிவில் இன்று உள்ளது. எழுதிய சட்டத்தை மீறுவது மட்டுமன்று, சமுதாய வாழ்வில் ஒருவர் பிறர்பால் காட்டவேண்டிய, எழுதப்படாத கவனத்தை மீறுவதும் தவறே என்கிறது அது. நம் இளைஞரின் வினாவுக்குப் பாதி விடை இங்கேயே கிடைத்துவிட்டது.

இந்த அளவுகோலைப் புகைக்குப் பொருத்தியவர்கள் முதலில் அரசையே கூண்டில் நிறுத்தினர். உர்கெண்டா என்னும் அமைப்பு தொடுத்த வழக்கில் 2015-இல் கீழ் நீதிமன்றம் நிலவறை வழக்கின் வழியிலே நடந்தது. 2019 டிசம்பரில் உச்ச நீதிமன்றமோ மனித உரிமைகளை ஆதாரமாய்க் கொண்டு, பசுங்குடில் வாயுக்களை 1990-ஆம் ஆண்டின் அளவினின்று 25 விழுக்காடாவது 2020-இன் இறுதிக்குள் குறைக்க அரசு கடமைப்பட்டுள்ளது என்று உறுதிசெய்தது.

அதே 2019-இல் மிலியூடிஃபென்சி என்னும் சுற்றுச்சூழல் அமைப்பு, பிற அமைப்புகளோடும் 17,000-க்கு மேற்பட்ட குடிமக்களோடும் சேர்ந்து ஷெல் மீது வழக்குத் தொடுத்தது. 2021 மே 26-ஆம் நாள் ஹேக் மாவட்ட நீதிமன்றம், கரியமில வாயு வெளியீட்டை 2019-ஆம் ஆண்டின் அளவினின்று நிகரமாக 45 விழுக்காடு 2030-க்குள் குறைக்கவேண்டுமென ஆணையிட்டது. தன் சொந்த ஆலைகளின் புகையில் அந்நிறுவனம் இந்த அளவை எட்டியே தீரவேண்டும். அது விற்ற எண்ணெயை வாங்குவோர் எரிப்பதால் எழும் புகையிலோ அதற்காகத் தீவிரமாய் முயலவேண்டும். மொத்தப் புகையில் மிகப் பெரும்பகுதி இந்த இரண்டாம் வகையே.

இடையில் ஒன்று கூறவேண்டும். ஆக்ஷன்எய்ட் என்னும் அமைப்பின் மனுவை நீதிமன்றம் ஏற்கவில்லை. அது நெதர்லாந்து மக்களின் நலனைப் போதிய அளவு முன்னிறுத்தவில்லை என்பது காரணம். அந்நாட்டின் இன்றைய தலைமுறைக்கும் இனிப் பிறக்கும் தலைமுறைக்கும் அவ்வழக்கில் இடமிருந்தது. உலகின் பிற மக்களுக்கு இல்லை. சட்டப்படி அது சரியாயிருக்கலாம். நமக்கு உறுத்துகிறது.

தீர்ப்புக்குப்பின் நிறுவனம் தன் தலைமையகத்தை இலண்டனுக்கு மாற்றிப் பெயரையும் சுருக்கிக்கொண்டது. பங்கு அமைப்பை எளிதாக்கவே என்றது. திடீரென வீடு மாறுகிறவர் சொல்லும் காரணத்தை அயலார் எப்போதும் அப்படியே நம்புவதில்லை, அவ்வளவுதான்.

மேல்முறையீட்டில் 2024 நவம்பர் 12-ஆம் நாள் அந்த 45 விழுக்காட்டு ஆணை நீக்கப்பட்டது. 'ஷெல் வென்றது' என்பதோடு செய்தியை முடித்துக்கொள்வோர் உண்டு. தீர்ப்பு அத்துணை எளிதன்று. பருவநிலைக் கேட்டினின்று காக்கப்படுவது மனித உரிமை என்றும், தன் புகையைக் குறைக்கும் கடமை இத்தகைய நிறுவனத்துக்கு உண்டு என்றும் நீதிபதிகள் தெளிவாய் உரைத்தனர். 45 என்பது உலகுக்கான சராசரி, ஒரு தனி நிறுவனத்துக்கு அதை எப்படிச் சுமத்துவது என்பதே அவர்களின் தயக்கம். நிலக்கரி எரித்த ஓர் ஆலை ஷெல்லிடம் எரிவாயு வாங்கத் தொடங்கினால், ஷெல்லின் கணக்கில் புகை கூடும், உலகின் கணக்கிலோ குறையும். இந்த நியாயம் நமக்கும் விளங்குகிறது. சொந்த ஆலைகளின் புகையை 2016-ஆம் ஆண்டின் அளவினின்று 2030-க்குள் பாதியாக்குவதாய் நிறுவனமே திட்டமிட்டிருந்ததால், அதன்பொருட்டு ஆணை தேவையில்லை என்றும் கருதினர்.

ஆனால் மற்றொரு காரணமும் கூறப்பட்டது: ஷெல் விற்பதை நிறுத்தினால், அதே எண்ணெயைப் பிறர் வாங்கி விற்பர், புகை குறையாது. இதைப் படித்ததும் பல ஆண்டுகளுக்குமுன் ஒரு கிராமத்தில் சாராயம் விற்றவரோடு நாம் வாதாடியது நினைவுக்கு வந்தது. "நான் விற்காவிட்டால் அடுத்த தெருக்காரன் விற்பான் சாமி" என்றார் அவர். அன்றும் அதை நாம் ஏற்கவில்லை. எனினும் நீதிபதிகளுக்கு அநீதி செய்யலாகாது. விற்பது சரியா என்று அவர்கள் இவ்விடத்தில் கேட்கவில்லை. கேட்ட ஆணையைப் பிறப்பித்தால், கேட்டவருக்குப் பயன் விளையுமா என்றே கேட்டனர். இவ்விரண்டு வினாக்களையும் பிரித்துப் பார்க்க நம் இளைஞர் கற்கவேண்டும்.

மேலும், ஏற்கெனவே தோண்டியதை விற்பது வேறு, புதிதாய்த் தோண்டுவது வேறு. புதிய எண்ணெய், எரிவாயு வயல்களில் முதலிடுவது அந்தக் கடமையோடு முரண்படக்கூடும் என்றும் அதே தீர்ப்பில் ஒரு குறிப்பு உள்ளது. வழக்கு அதைப் பற்றியதன்று ஆதலால், முடிவு கூறாமல் விட்டனர். மிலியூடிஃபென்சி 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத்தை நாடியது. அதே ஆண்டு மே மாதம், புதிய வயல்களைக் குறித்தே தனியாய் ஒரு வழக்குத் தொடுக்கப்போவதாகவும் ஷெல்லுக்கு அறிவித்தது.