அசனப் பந்தி

தூத்துக்குடி நகரில் மாலை மயங்கியதும் ‘நைட் கிளப்’ என்னும் பெயர்ப்பலகைகள் ஒளிவிடத் தொடங்கும். வெளியூரினின்றும் வந்து நம் விடுதியிற் புதிதாய்ச் சேரும் மாணவர் சிலர் அப்பெயரைக் கண்டு திடுக்கிடுவதும், பின்னர் உள்ளே சென்று பரோட்டாவும் சால்னாவும் வயிறார உண்டு நகைத்துத் திரும்புவதும் ஆண்டுதோறும் நிகழ்வன. முன்னாளில் தமிழ்நாட்டில் உணவுச்சாலைகளைக் ‘காப்பி கிளப்’ என்று வழங்கினர். அவ்வழக்கின் எச்சம் இது போலும்.

அமெரிக்க நாட்டிலும் ‘கிளப்’ என்னும் பெயருடைய உணவு மனைகள் உள. ஆறும் ஏரியும் மலிந்த விஸ்கான்சின் மாநிலத்தின் சிற்றூர்ப் புறங்களில் அவற்றைச் ‘சப்பர் கிளப்’ என்பர். 1933-ஆம் ஆண்டில் அந்நாட்டில் மதுவிலக்கு நீங்கியபின் பெருகிய இம்மனைகளைப் பெரும்பாலும் ஒரு குடும்பத்தாரே நடத்துவர். முதற்கண் பச்சைக்காய்களும் ஊறுகாயும் வைத்த தட்டு ஒன்று வரும். வெள்ளிக்கிழமையாயின் பொரித்த மீன். சனிக்கிழமையாயின் வாட்டிய மாட்டிறைச்சி. வெள்ளியன்று மீன் உண்ணுதல் கத்தோலிக்கர் அந்நாளில் இறைச்சி விலக்கிய நோன்பினின்று வந்த வழக்கம். உண்டோரை எழுப்பிவிட எவரும் விரையார். ஒரு மேசை ஒரு மாலைப்பொழுது முழுமைக்கும் உரியது. பசி தீர்தல் அங்கே இரண்டாவது. அயலாரோடு அமர்ந்திருத்தலே முதலாவது. இதனைப் படித்தபோது நம் நினைவில் எழுந்தது நைட் கிளப் அன்று. பொருநைக் கரையூர்களிலும் தேரிக்காட்டு ஊர்களிலும் ஆண்டுக்கொருமுறை நடைபெறும் அசனமே. அங்கே உண்டவர் விலை கொடுப்பர். இங்கே விலை என்னும் பேச்சே இல்லை.

அசனம் என்பது வடமொழியில் உணவு என்னும் பொதுப்பொருள் தருவது. நம் பக்கத்துக் கிறிஸ்தவர் நாவிலோ அது ஊர் கூடி உண்ணும் ஆலய விருந்து ஒன்றையே குறிக்கும். 1799-இல் கிறிஸ்தவர்க்கென எழுந்த முதற் குடியிருப்பாதலின் அப்பெயர் பெற்ற முதலூரையும், நாசரேத்து, மெஞ்ஞானபுரம், சாயர்புரம் முதலிய ஊர்களையும் சூழ்ந்த நாட்டில் அசனம் அறியாத குழந்தை இல்லை. வீடுதோறும் உலையிடுமுன் ஒரு கைப்பிடி அரிசி எடுத்துத் தனிக்கலத்தில் சேர்த்து வைப்பர். நேர்ந்துகொண்டோர் ஆடு கொடுப்பர். தோட்டமுடையோர் வாழைக்காயும் கத்தரிக்காயும் தேங்காயும் கொணர்வர். ஒன்றும் இல்லாதவர் விறகு பிளப்பர், நீர் சுமப்பர். முதல் நாள் இரவு ஆலய வளாகத்தில் உறக்கம் இராது. மகளிர் வெங்காயம் உரித்துக் கண்ணீர் வடிப்பர். இளைஞர் காய் அரிவதாகச் சொல்லிக்கொண்டு கதை பேசுவர். தவசிப்பிள்ளை ஒருவரே அங்கு அரசர். சேகர குருவானவரும் அவர் சொற்கு அடங்கியே நடப்பார். வடித்த சோற்றை ஓலைப்பாயிற் குன்றெனக் குவித்து வெள்ளைத்துணியாற் போர்ப்பர். அதனருகே நின்று ஜெபம் செய்த பின்னரே வாளிகள் புறப்படும்.

அக்குழம்பின் சுவையை யாது சொல்வோம்! அதே ஆட்டிறைச்சியும் அதே மசாலையும் கொண்டு வீட்டில் ஆக்கினால் அந்தச் சுவை வருவதில்லை. பெருங்கலமும் பனைமட்டை நெருப்பும் காரணம் என்பர் சிலர். மணலில் முழங்காலோடு முழங்கால் இடிபட அமர்ந்து, வாளி நம் இலையை அணுகுங்கால் கறித்துண்டு விழுமோ கத்தரிக்காய் விழுமோ என்று நெஞ்சம் துடிக்கும் துடிப்பே காரணம் என்பது நம் துணிபு. உண்டபின் ஆத்தூர் வெற்றிலை கிடைத்தாற் பெரியோர்க்கு வேறு பேறு வேண்டுவதில்லை.

நிற்க. தொல்காப்பியம் பயின்றோர், போர்க்குச் செல்லும் படைக்கு வேந்தன் உணவளித்தலைப் பெருஞ்சோற்று நிலை என்றும், நிரை கவர்ந்து மீண்டோர் மகிழ்ந்துண்டலை உண்டாட்டு என்றும் புறத்திணைத் துறைகளாக வகுத்திருத்தலை அறிவர். அவை வென்றோரும் வெல்லப்புகுவோரும் உண்டவை. ஒருவரோடொருவர் ஒருக்காலும் உடனுண்ணாதிருந்தோர் ஓரிடத்து அமர்ந்துண்டல் அவற்றினும் அரிய செயல் என்போம். இந்நாட்டில் மக்களைப் பிரித்த வேலிகளுள் உணவு வேலியே உயரமானது. மதுரை அமெரிக்க மிஷனார் 1847-ஆம் ஆண்டில், தம் ஊழியர் சாதியை விட்டமைக்குச் சான்றாக உடனுண்ணல் வேண்டும் என்று விதித்தபோது பலர் பணியை விட்டு நீங்கினரேயன்றி உண்ண இசைந்திலர். 1850-இல் சென்னை மிஷனெரிமார் மாநாடும் அத்தகைய முடிவொன்றையே செய்தது. கிறிஸ்தவராகிய நாம் இதில் பிறரை நோக்கி விரல் நீட்டுதற்கில்லை.

இப்பொருநையின் கரையிலேயே உள்ள சேரன்மாதேவியில் வ. வே. சு. ஐயர் நடத்திய குருகுலத்தில், பிராமணச் சிறுவர் இருவர்க்குத் தனியே உணவிட்டனர் என்னும் செய்தி 1924, 1925-ஆம் ஆண்டுகளில் தமிழ்நாடு முழுவதையும் கலக்கிற்று. வரதராஜுலு நாயுடுவும் ஈ. வெ. ராமசாமியும் எதிர்த்து நின்றனர். காந்தியடிகளும் இடைப்பட நேர்ந்தது. இரண்டே இலைகள்! அவை வேறிடத்தில் விரிக்கப்பட்டமையால் ஒரு பெருமுயற்சி குலைந்தது. ‘எங்கே உண்டாலும் சோறு சோறுதானே’ என்போர் இதனை எண்ணிப் பார்ப்பாராக.

இதனை ஈண்டு விரித்தற்குக் காரணம் உண்டு. சென்ற ஆண்டு நம் வகுப்பு மாணவர் பன்னிருவர், ஓர் ஊரின் அசனத்திற்குப் பரிமாறும் பணிக்கென அழைக்கப்பட்டுச் சென்றோம். ஊர்ப்பெயர் வேண்டா. பழையகாயலும் முக்காணியும் கடந்து, பாலத்தின்மேல் பேருந்து ஏறியபோது ஆற்றில் நீர் நிறைந்திருந்தது. 2023 டிசம்பரில் இதே ஆறு கரைபுரண்டதும், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதும், ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோன இரயிலில் ஏறக்குறைய 800 பேர் அகப்பட்டதும், அருகிலுள்ள புதுக்குடி மக்கள் தம் வீடுகளே நீராற் சூழப்பட்டிருந்தும் அவர்க்குச் சோறாக்கி அளித்ததும் பேசிக்கொண்டு சென்றோம். யார் எச்சாதியார், எம்மதத்தார் என்று அங்கு வினாவினோர் இல்லை.

ஊரை அடைந்தபோது பரிமாறும் வேலை பாதிதான் இருந்தது. 2020-ஆம் ஆண்டுக் கொள்ளைநோய்க் காலத்தில் பொட்டலம் கட்டிக் கொடுக்கத் தொடங்கியவர்கள் அதனை விட்டபாடில்லை. டோக்கன் காட்டுவோர்க்குப் பொட்டலம். அமர்ந்துண்ண விரும்புவோர்க்கு மணலில் இரண்டு வரிசை. நன்கொடை மிகுதியாய் ஈந்தோர்க்கும் விருந்தினர்க்கும் ஆலயத்தை அடுத்த அறையில் நாற்காலியும் மின்விசிறியும். இலை எடுக்க ஆள் இல்லை, கூட்டத்தை அடக்க இயலவில்லை, மழை வந்தால் யாது செய்வது என்பன அவர் கூறிய காரணங்கள். இவை முற்றும் பொய்யல்ல. நோயாளிக்கும் நடக்கலாற்றா முதியோர்க்கும் வீட்டிற்கே உணவு அனுப்புதல் கடமை. அதனை யாம் மறுக்கவில்லை. முழங்கால் மடங்காதோர்க்கு நாற்காலி வேண்டும். அந்நாற்காலியை அதே வரிசையின் ஓரத்தில் இட்டால் என்ன குறை? ஆனால், நடந்து வரத்தக்கவன் கையில் பொட்டலத்தைத் திணித்து வாயிலோடு அனுப்புவது அசனம் ஆகாது. அது பங்கீட்டுக் கடை. தனியறைப் பந்தியோ, பெயர் மாறிய பழைய வேலி. கொடுத்தவர்க்குத் தனியிலை என்றால், கைப்பிடி அரிசி கொடுத்த வீட்டார் கொடுத்தவரல்லரோ?

உண்மையை மறைத்தல் தகாது. பரிமாறி முடித்தபின் கல்லூரி மாணவர் என்னும் மதிப்பினால் நம்மையும் அவ்வறைக்கே அழைத்தனர். மறுக்க நா எழவில்லை, சென்றோம். அங்கே கறித்துண்டு மிகுதி. எலும்பு தேர்ந்தெடுத்து வைத்தனர். விரும்பியே உண்டோம். வெளியே வாளியின் கைப்பிடி ஒலியும், ‘இங்கே ரசம், இங்கே ரசம்’ என்னும் குரலும் எழுந்தபோதுதான் நம்முள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க நாணினோம்.

கைகழுவ வெளியே வந்தபோது, ஒரு மூதாட்டியார் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு வேப்பமர நிழலில் தனியே அமர்ந்திருந்தார். பாட்டி, வீட்டிற்கு எடுத்துச் சென்று உண்ணலாமே என்றோம். அவர் நம்மை ஏற இறங்க நோக்கி, “சோத்துக்கா வந்தேன் ராசா? வீட்டுல சோறு கெடக்கு. ஒக்காந்து திங்க ஒரு ஆளு இல்ல” என்றார்.

பன்னிருவரும் அம்மணலில் அவர்க்கு இருபுறமும் அமர்ந்தோம். எங்கிருந்தோ இலைக்கட்டு ஒன்று வந்தது. நம்முள் ஒருவன் ஓடிச்சென்று அடிக்குழம்பு இருந்த வாளியைத் தூக்கிவந்தான். அவ்வழிச் சென்றவர் ஏழெட்டுப்பேர் தம் பொட்டலங்களை அவிழ்த்துக்கொண்டு எதிரே அமர்ந்தனர். வயிற்றில் இடமில்லை, ஆயினும் மறுபடி உண்டோம். பாட்டியார் தம் பொட்டலத்தைப் பிரித்து இலையிற் கொட்டிச் சோற்றில் குழி செய்து, “இன்னுங் கொஞ்சம் ஊத்து ராசா” என்றார்.