வீட்டுச் சாவிக்கு முன் சொலிசிட்டர் கேட்கும் மூன்று கேள்விகள்

பிரிட்டனில் வீடு வாங்குவதும் விற்பதும் ஆமை வேகத்தில் நடக்கிறது என்ற புகார் புதியதல்ல. மூன்று விற்பனைகளில் ஒன்று பாதியிலேயே முறிந்துபோகிறது என்று அரசே ஒப்புக்கொள்கிறது. இதைச் சரிசெய்ய 2025 அக்டோபரில் தொழிற்கட்சி அரசு ஒரு சீர்திருத்தத் திட்டத்தை மக்கள் கருத்துக்கு முன்வைத்தது. வீட்டைச் சந்தைக்குக் கொண்டுவரும்போதே அதன் குறைநிறைகளை விற்பவர் எழுத்தில் தரவேண்டும். பேச்சு முடிந்த பிறகு ஒரு தரப்பு திடீரென்று கைவிரிக்காதபடி முன்கூட்டியே கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் வரவேண்டும் என்பவை அதன் சாரம். சராசரியாக நான்கு வாரம் மிச்சமாகும், முதல் வீடு வாங்குவோருக்கு 710 பவுண்ட் மிச்சமாகும் என்பது அரசின் கணக்கு.

நல்ல முயற்சிதான். ஆனால் நம் குடும்பங்களில் வீடு வாங்கும் காரியம் எங்கே தடுக்கி விழுகிறது என்று பார்த்தால், அரசின் பட்டியலில் இல்லாத ஓர் இடம் தெரிகிறது. சொலிசிட்டர் மூன்று கேள்விகள் கேட்கிறார். பணம் யாருடையது? உங்களுக்கு வேறு வீடு இருக்கிறதா? இந்த வீடு யார் பெயரில், எந்த வகையில்? இந்த மூன்றுக்கும் நாம் அரைகுறையாகப் பதில் சொல்கிறோம். அதன் விலையைச் சில நேரம் வரியாகவும், சில நேரம் உடன்பிறப்புகளுக்கிடையிலான பகையாகவும் கொடுக்கிறோம்.

பேச்சு வேறு, ஒப்பந்தம் வேறு

முதலில் நடைமுறையைச் சுருக்கமாகப் பார்ப்போம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நாம் கேட்ட விலைக்கு விற்பவர் சம்மதித்துவிட்டார் என்பதால் வீடு நம்முடையதாகிவிடாது. நிலம், வீடு தொடர்பான ஒப்பந்தம் எழுத்தில், இரு தரப்பின் கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும் என்பது 1989ஆம் ஆண்டுச் சட்டம். அதனால்தான் கூடுதல் விலை கொடுக்க இன்னொருவர் வந்ததும் விற்பவர் அவர் பக்கம் சாய முடிகிறது. ஸ்காட்லாந்தின் சட்டமும் வழக்கமும் வேறு. அங்கே இரு தரப்பும் முன்னதாகவே கட்டுப்பட்டுவிடுகின்றன.

விலை பேசி முடிந்ததும் சொலிசிட்டரின் வேலை தொடங்குகிறது. நிலப் பதிவேட்டில் உரிமை யார் பெயரில் இருக்கிறது, உள்ளூராட்சி மன்றத்தின் திட்டங்களும் தடைகளும் என்ன, கழிவுநீர்க் குழாய் எங்கே போகிறது, வெள்ள ஆபத்து உண்டா, பின்பக்கம் நீட்டிக் கட்டிய அறைக்கு அனுமதி வாங்கப்பட்டதா என்றெல்லாம் அவர் தேடுகிறார். அடுக்குமாடி வீடாக இருந்தால் குத்தகையில் இன்னும் எத்தனை ஆண்டு மிச்சம், பராமரிப்புக் கட்டணம் எவ்வளவு, கட்டடத்தின் தீப் பாதுகாப்புச் சான்று என்ன சொல்கிறது என்பதும் சேர்ந்துகொள்ளும்.

இவை தெளிவான பிறகு இரு தரப்பும் ஒப்பந்தத்தைப் பரிமாறிக்கொள்ளும் நாள் வருகிறது. வழக்கமாக விலையில் 10 சதவீதம் முன்பணம். அந்த நிமிடத்திலிருந்து பின்வாங்க முடியாது. பின்வாங்கினால் முன்பணம் போய்விடும். பெரும்பாலும் வீட்டுக் காப்புறுதியும் அன்றே நம் பொறுப்பாகிவிடுகிறது. மீதிப் பணம் கைமாறிச் சாவி கிடைக்கும் நாள் அதற்குப் பிறகுதான். அதன்பின் 14 நாட்களுக்குள் முத்திரை வரிப் படிவம், பிறகு நிலப் பதிவேட்டில் நம் பெயர்.

ஆக, கேள்வி கேட்கவும் திருத்தவும் நமக்கு இருக்கும் காலம் ஒப்பந்தப் பரிமாற்றத்துக்கு முந்திய வாரங்கள்தான். அந்த வாரங்களில் நாம் என்ன செய்கிறோம்? "சொலிசிட்டர் இழுத்தடிக்கிறார்" என்று குறைபட்டுக்கொண்டே, அவர் அனுப்பிய படிவங்களை வாசிக்காமல் கையெழுத்திட்டு அனுப்புகிறோம்.

சீர்திருத்தம் எவ்வளவு தூரம் போகும்?

விவரங்களை முன்கூட்டியே தரவேண்டும் என்ற யோசனை பிரிட்டனுக்குப் புதிதல்ல. 2007இல் 'ஹோம் இன்ஃபர்மேஷன் பேக்' என்ற பெயரில் இதைக் கட்டாயமாக்கினார்கள். செலவு கூடுகிறது, வாங்குபவர்கள் அதை நம்புவதில்லை என்ற விமர்சனங்களுக்கு நடுவே 2010இல் ஆட்சி மாறியதும் அது கைவிடப்பட்டது. இம்முறை மின்னணுப் பதிவுகள் கைகொடுக்கும் என்று அரசு நம்புகிறது. கைகொடுக்கட்டும். ஆனால் வேகம் கூடக்கூட, வாங்குபவர் முன்கூட்டியே தயாராக இருக்கவேண்டிய தேவையும் கூடும். பேச்சு முடிந்த சில நாட்களிலேயே கட்டுப்படவேண்டி வந்தால், "பணம் யாருடையது, பெயர் யாருடையது" என்ற கேள்விகளுக்கு வீடு தேடப் புறப்படும் முன்னரே விடை இருந்தாகவேண்டும்.

முதல் கேள்வி: பணம் யாருடையது?

2017ஆம் ஆண்டின் பணச்சலவைத் தடுப்பு விதிகளின்படி, பணம் எங்கிருந்து வந்தது என்று சரிபார்ப்பது சொலிசிட்டரின் கடமை. அவர் நம்மைச் சந்தேகப்படுகிறார் என்று இதற்குப் பொருளில்லை. கேட்காமல் விட்டால் அவருடைய தொழிலே போய்விடும்.

நம் வீடுகளில் முன்பணம் சேரும் வழி நமக்குத் தெரியும். கொஞ்சம் சொந்தச் சேமிப்பு, கொஞ்சம் சீட்டுப் பணம், வாப்பா ஊரில் காணி விற்றது, நானா கொடுத்தது, மாமா கைமாற்றாகத் தந்தது. எல்லாமே ஹலாலான பணம்தான். ஆனால் சீட்டுக்கு ரசீது இல்லை. ஊர்ப் பணம் உண்டியல் வழியாக வந்தால் அதற்கு வங்கித் தடயம் இல்லை. தடயமில்லாத பணத்தைச் சொலிசிட்டரால் ஏற்க முடியாது. சந்தேகம் வலுத்தால் தேசிய குற்றவியல் முகமைக்கு அறிவிக்கும் கடமையும் அவருக்கு உண்டு; அறிவித்ததை நம்மிடம் சொல்லவும் கூடாது. காரணம் தெரியாமல் கோப்பு நின்றுபோனது என்று சிலர் புலம்புவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. உறவினர் கொடுத்த பணம் இருந்தால், கடன் தரும் நிறுவனம் ஒரு கடிதம் கேட்கும். "இது அன்பளிப்பு, திருப்பித் தரவேண்டியதில்லை, இந்த வீட்டில் எனக்கு எந்த உரிமையும் இல்லை" என்று பணம் கொடுத்தவர் கையெழுத்திட வேண்டும். நானா 20,000 பவுண்ட் கொடுக்கிறார். மனதில் அது கடன். அல்லது வீட்டில் ஒரு பங்கு. ஆனாலும் தம்பியின் வீடு தாமதமாகிவிடக் கூடாதென்று அந்தக் கடிதத்தில் கையெழுத்திடுகிறார். பத்து ஆண்டுகள் கழித்து வீட்டின் விலை ஏறியிருக்கும்போது பேச்சு வருகிறது. நானா பங்கு கேட்கிறார், தம்பியின் மனைவி அந்தக் கடிதத்தைக் காட்டுகிறார். அதில் எழுதியிருப்பது நானாவின் கையெழுத்தோடு கூடிய பொய். அந்தப் பொய் கடன் தந்த நிறுவனத்தை ஏமாற்றிய குற்றமாகவும் பார்க்கப்படலாம்.

உண்மையைச் சொல்ல வழி இல்லாமலில்லை. யார் எவ்வளவு போட்டார்கள், விற்றால் யாருக்கு எவ்வளவு என்று எழுதி வைக்கும் பங்கு உறுதிப் பத்திரத்தைச் சொலிசிட்டரே தயாரித்துத் தருவார். கடன் நிறுவனத்தின் சம்மதத்தை முன்கூட்டியே கேட்கவேண்டியிருக்கும். சில நிறுவனங்கள் மறுக்கும், வேறு இடம் தேடவேண்டி வரும். அந்தச் சிரமத்துக்குப் பயந்து பொய்க் கடிதம் கொடுப்பது மார்க்கத்துக்கும் பொருந்தாது, நாட்டின் சட்டத்துக்கும் பொருந்தாது.

இரண்டாம் கேள்வி: வேறு வீடு இருக்கிறதா?

"இல்லை, இதுதான் முதல் வீடு" என்று நம்மில் பலர் யோசிக்காமல் சொல்லிவிடுகிறோம். காத்தான்குடி, அக்கரைப்பற்று, காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களில் பெண்ணுக்குத் திருமணத்தின்போது வீடு எழுதிக் கொடுப்பது பரம்பரை வழக்கம். அந்த வீடு இங்கிலாந்தின் வரிக் கணக்கில் எண்ணப்படும் என்பதுதான் பலருக்குத் தெரியாத செய்தி.

முதல் வீடு வாங்குபவர் என்ற சலுகை கிடைக்க, வாங்குவோர் அனைவரும் உலகில் எங்குமே எப்போதுமே வீட்டு உரிமை பெற்றிராதவர்களாக இருக்கவேண்டும். விலைக்கு வாங்கியது மட்டுமல்ல, அன்பளிப்பாகவோ வாரிசுரிமையாகவோ கிடைத்ததும் சேர்த்தி. அதோடு, வெளிநாட்டில் உள்ள வீட்டில் நம் உரிமையின் மதிப்பு 40,000 பவுண்டோ அதற்கு மேலோ இருந்தால், கூடுதல் வீட்டுக்கான மேல்வரியும் வரும். 2024 அக்டோபர் 31 முதல் அந்த மேல்வரி 5 சதவீதம். கணவன் மனைவியை இந்த மேல்வரிக்கு ஒரே அலகாகப் பார்ப்பதால், வீட்டைக் கணவர் பெயரில் மட்டும் வாங்கினாலும் தப்ப முடியாது.

இங்கிலாந்தில் 4 லட்சம் பவுண்டுக்கு ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். 2025 ஏப்ரல் 1 முதல் நடப்பிலுள்ள விகிதப்படி, முதல் வீட்டுச் சலுகை உள்ளவர் கட்டும் முத்திரை வரி 5,000 பவுண்ட். சலுகை இல்லாதவர் 10,000. மனைவிக்கு ஊரில் அந்த மதிப்புள்ள வீடு இருந்து மேல்வரியும் சேர்ந்தால் 30,000. ஏற்கெனவே இங்கே குடியிருந்த சொந்த வீட்டை விற்றுவிட்டு மாற்று வீடு வாங்குவோருக்கு மேல்வரி இல்லை. வாரிசாக வந்த சிறு பங்குகளுக்கும் சில காலம் விலக்கு உண்டு. ஆனால் இந்த விதிவிலக்குகள் நமக்குப் பொருந்துமா என்று முடிவு செய்ய, ஊரில் உள்ள வீட்டைப் பற்றிச் சொலிசிட்டருக்கு முதலில் தெரியவேண்டும். படிவத்தை அவர் அனுப்பினாலும் அதில் உள்ள தகவலுக்குப் பொறுப்பு வாங்குபவருடையது. பின்னால் தெரியவந்தால் வரி, வட்டி, அபராதம் மூன்றும் நம் தலையில்.

மூன்றாம் கேள்வி: யார் பெயரில், எந்த வகையில்?

இருவர் சேர்ந்து வாங்கும்போது பத்திரத்தில் ஒரு சிறு பெட்டியில் குறியிடச் சொல்வார்கள். கூட்டு உரிமையா, பங்கு உரிமையா? அவசரத்தில் கூட்டு உரிமையைக் குறித்துவிடுகிறோம். கூட்டு உரிமையில் ஒருவர் மரணித்தால் வீடு முழுவதும் மற்றவருக்குத் தானாகப் போய்விடும். மரண சாசனம் எழுதியிருந்தாலும் அது இந்த வீட்டைத் தொடாது. பங்கு உரிமையில் அவரவர் பங்கு அவரவருடையது. அதை மரண சாசனத்தின்படி பிரிக்கலாம்.

சொத்துப் பங்கீட்டை ஷரீஅத் முறைப்படி செய்யவேண்டும் என்று விரும்பும் குடும்பத்துக்கு இந்தப் பெட்டி எவ்வளவு முக்கியம் என்று சொல்லவேண்டியதில்லை. பிள்ளைகள் இருக்கும் நிலையில் கணவர் மரணித்தால் மனைவிக்கு எட்டில் ஒன்று, தாய்க்கும் தந்தைக்கும் ஆறில் ஒவ்வொன்று என்பது நமக்குத் தெரிந்த கணக்கு. மரண சாசனம் இல்லாதவரின் சொத்துக்கு இங்கிலாந்துச் சட்டம் வேறு கணக்கு வைத்திருக்கிறது. முதல் 322,000 பவுண்டும் மீதியில் பாதியும் வாழ்க்கைத் துணைக்கு, மற்றது பிள்ளைகளுக்கு. பெற்றோருக்கு எதுவும் இல்லை. ஆகவே பங்கு உரிமையும், இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திட்ட மரண சாசனமும் சேர்ந்து இருக்கவேண்டும். சாசனத்தில் பங்கு பெறுபவர் சாட்சியாகக் கையெழுத்திட்டால் அவருடைய பங்கு செல்லாமல் போகும் என்பதையும் நினைவில் வைக்கவேண்டும்.

இன்னொரு பக்கமும் உண்டு. அதைச் சொல்லத் தயங்கக் கூடாது. பிரிட்டனில் நிக்காஹ் மட்டும் செய்து, சட்டப்படி பதிவு செய்யாத பெண்களின் நிலை மிகவும் பலவீனமானது. அத்தகைய நிக்காஹ் சட்டப்படியான திருமணமாகாது என்பதை இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம் 2020இல் உறுதி செய்தது. அப்படிப்பட்ட பெண்ணின் பெயர் வீட்டுப் பத்திரத்திலும் இல்லையென்றால், கணவரின் மரணத்துக்குப் பிறகு அவர் மனைவி என்ற முறையில் வாரிசாக முடியாது. ஷரீஅத் கொடுத்த எட்டில் ஒன்றைக்கூடச் சட்டம் அவருக்குத் தானாகத் தராது. இலங்கையிலோ இந்தியாவிலோ அங்குள்ள சட்டப்படி நடந்த திருமணம் பொதுவாக இங்கே ஏற்கப்படும். சிக்கல் இங்கேயே நடந்த பதிவில்லா நிக்காஹுக்குத்தான். வீடு வாங்கும் முன் திருமணத்தைப் பதிவு செய்வதும் சொலிசிட்டருக்கான தயாரிப்பில் ஒன்று.

வட்டியில்லா வழியில் வாங்குவோருக்கு

வங்கி வீட்டை வாங்கி நமக்கு விற்கும்போது ஒரே வீட்டுக்கு இருமுறை முத்திரை வரி விழும் நிலை முன்பு இருந்தது. 2003ஆம் ஆண்டு நிதிச் சட்டம் அந்தத் தடையை நீக்கியது. 2007 முதல் இத்தகைய திட்டங்கள் நிதித் துறை ஒழுங்குமுறைக் கண்காணிப்பில் உள்ளன. ஆனால் இந்த முறையில் வீட்டின் உரிமை ஆவணம் பொதுவாக வங்கியிடம் இருக்கும். நமக்கிருப்பது குத்தகையும் படிப்படியாக வளரும் பங்கும். ஒப்பந்தத்தின் அமைப்பே வேறு என்பதால், இத்தகைய கோப்புகளை இதற்கு முன் கையாண்ட சொலிசிட்டர்தான் தேவை. பழக்கமில்லாதவர் நம் செலவில் கற்றுக்கொள்வார்.

முன்கூட்டியே பேசுவோம்

சொலிசிட்டரைத் தேர்ந்தெடுக்கும்போது குறைந்த கட்டணத்தை மட்டும் பார்க்காமல், அவர் ஒழுங்குமுறை அமைப்பில் பதிவு பெற்றவரா, நம் கோப்பை யார் நேரடியாகப் பார்ப்பார், தொலைபேசியில் கிடைப்பாரா என்று கேட்போம். வீட்டு முகவர் பரிந்துரைத்தவர் என்றால் முகவருக்குத் தரகுப் பணம் உண்டா என்றும் கேட்கலாம்; சொல்லவேண்டியது அவர்கள் கடமை. வங்கிக் கணக்கு எண் மாறிவிட்டதாக மின்னஞ்சல் வந்தால், நமக்கு முன்பே தெரிந்த எண்ணில் அழைத்து உறுதி செய்யாமல் ஒரு பவுண்டும் அனுப்பக் கூடாது. மோசடிக்காரர்கள் காத்திருக்கும் தருணம் அது.

இவையெல்லாவற்றுக்கும் முன்னால், வீட்டுக்குள் ஒரு பேச்சு நடக்கவேண்டும். வாப்பா, உம்மா, நானா, மச்சான் என்று யார் பணம் கொடுத்தாலும், அது அன்பளிப்பா, கடனா, பங்கா என்று முகம் பார்த்துக் கேட்டு எழுதி வைக்கவேண்டும். "சொந்தத்துக்குள் எழுத்து எதற்கு?" என்று கேட்பவர்கள் இருப்பார்கள். கொடுக்கல் வாங்கலை எழுதவும் சாட்சி வைக்கவும் கட்டளையிடும் வசனம்தான் குர்ஆனிலேயே நீளமானது என்பதை அவர்களுக்கு நினைவூட்டுவோம். சொந்தம் நிலைக்கவேண்டும் என்பதற்காகத்தான் எழுத்து.

அரசின் சீர்திருத்தம் எந்த வடிவில் வந்தாலும், இந்த மூன்று விடைகளோடு சொலிசிட்டர் முன்னால் போய் உட்காரும் குடும்பத்துக்கு இன்ஷா அல்லாஹ் காரியம் இலகுவாகும். சாவி கைக்கு வரும் நாளில் உறவும் கையில் இருக்கும்.