ஆக்ஸிலேட்டரை மிதித்தால் ‘டக் டக்’... கியர்பாக்ஸைப் பிரிக்கத்தான் வேண்டுமா?

‘‘எங்களிடம் 2006-ம் வருட மாருதி 800 கார் இருக்கிறது. கத்திரிக்காய், முருங்கைக்காய் மூட்டைகளைச் சந்தைக்குக் கொண்டு போவதும் அதில்தான். ஒரு மாதமாக, ஆக்ஸிலேட்டரை மிதித்து வண்டி வேகம் எடுக்கும்போது முன்பக்கம் ‘டக் டக்’ என்று சத்தம் வருகிறது. காலை எடுத்தால் நின்றுவிடுகிறது. வளைவில் திரும்பும்போது இன்னும் அதிகம். கியர்பாக்ஸைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்கிறார்கள் பட்டறையில். மகளுக்கு அடுத்த மாதம் பிரசவம். ஆஸ்பத்திரி 22 கிலோமீட்டர் தூரம். இந்த வண்டியை நம்பலாமா?’’

- திண்டுக்கல் மாவட்ட வாசகர் ஒருவர்.

கியர்பாக்ஸில் கை வைப்பதற்கு முன்பு, காசு செலவில்லாமல் பார்க்க வேண்டிய விஷயங்கள் சில இருக்கின்றன. வாசகர் எழுதியிருக்கும் அடையாளங்களைப் பார்த்தால், கோளாறு பெரும்பாலும் கியர்பாக்ஸில் இல்லை. முன்சக்கரத்தை ஒட்டிய ஆக்ஸில் ஜாயின்டில்தான் இருக்கும்.

மாருதி 800, ஆல்டோ போன்ற கார்களில் இன்ஜினின் இழுவை முன்சக்கரங்களுக்குத்தான் போகிறது. கியர்பாக்ஸிலிருந்து இடமும் வலமுமாக இரண்டு ஷாஃப்ட்கள் போகும. சக்கரம் சுழலவும் வேண்டும், ஸ்டீயரிங்குக்குத் தகுந்தபடி திரும்பவும் வேண்டும் என்பதால், ஷாஃப்ட்டின் சக்கரப் பக்க முனையில் ஒரு ஜாயின்ட் இருக்கிறது. பட்டறைகளில் சி.வி. ஜாயின்ட் என்பார்கள். உள்ளே 6 இரும்புக் குண்டுகள், அவை ஓடுவதற்குப் பள்ளங்கள், சுற்றிலும் கறுப்பு கிரீஸ். பள்ளம் தேய்ந்துபோனால், இழுவை விழும்போது குண்டுகள் தட்டுகின்றன. காலை எடுத்தால் இழுவை குறைகிறது, சத்தமும் நிற்கிறது. வளைவில் ஜாயின்ட் அதிகம் மடங்குவதால் தட்டலும் அதிகமாகிறது.

இதை வீட்டிலேயே உறுதி செய்துகொள்ளலாம். நெல் அடிக்கும் களம் மாதிரி விசாலமான இடத்தில், ஸ்டீயரிங்கை ஒரு பக்கமாக முழுக்க ஒடித்து, முதல் கியரில் மெதுவாக வட்டமடிக்க வேண்டும். பிறகு அடுத்த பக்கம். வண்டிக்கு வெளியே, சற்று எட்டி நடந்து வருகிற ஒருவர் காது கொடுத்தால், எந்தச் சக்கரம் என்பது தெரிந்துவிடும். அதன் பின், அந்தச் சக்கரத்தின் உள்பக்கம் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். ஆர்மோனியத் துருத்தி போல மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் உறை இருக்கும். அது கிழிந்து, சக்கரத்தின் உள்வட்டம் முழுக்க கிரீஸ் தெறித்திருந்தால் சந்தேகமே வேண்டாம்.

தோட்டத்துப் பாதையில் ஓடுகிற வண்டிகளில் இந்த உறைக்கு எதிரிகள் அதிகம். கருவேல முள் குத்தும். நிறுத்தி வைத்தால் எலி கடிக்கும். ஓட்டை விழுந்த பிறகு வாய்க்காலில் இறக்கி ஏற்றினால், சேறும் மணலும் உள்ளே போய் குண்டுகளை அரைத்துவிடும். சத்தம் வருவதற்கு முன்பே கிழிசலைக் கண்டுபிடித்தால், ஜாயின்டைக் கழுவி, புதிய கிரீஸ் அடைத்து, சில நூறு ரூபாய் உறையை மாற்றுவதோடு வேலை முடிந்துவிடும். சத்தம் வந்த பிறகு வெறும் உறையை மாற்றிப் பயனில்லை. ஜாயின்டையே மாற்ற வேண்டும். வீல் பேரிங்குக்குப் போடும் சாதாரண கிரீஸ் இதற்கு ஆகாது. மாலிப்டினம் கலந்த கறுப்பு கிரீஸ்தான் வேண்டும். புது உறையோடு சேர்த்தே கிடைக்கும். மாருதி 800 உற்பத்தி 2014-ல் நின்றுவிட்டாலும் உதிரி பாகத்துக்குப் பஞ்சமில்லை.

மற்ற காரணங்களையும் தள்ளிப் பார்த்துவிடுவது நல்லது. முதலில் வீல் நட்டு. பஞ்சர் ஒட்டிய பிறகு சத்தம் ஆரம்பித்திருந்தால், அன்றைக்கே நான்கு நட்டுகளையும் குறுக்கு மறுக்காக முறுக்கிப் பார்க்க வேண்டும். இது மட்டும் நாளைக்குத் தள்ளிப்போடும் விஷயம் இல்லை. சக்கரமே கழன்று ஓடிவிடும். டயர் பள்ளத்தில் மாட்டிய சிறு கல்கூட ‘டிக் டிக்’ போடும். ஆனால், ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தாலும் அது நிற்காது.

வண்டி நின்றிருக்கும்போது, நியூட்ரலில் இன்ஜினை முறுக்கினாலே சத்தம் வந்தால், சக்கரத்தை விட்டுவிட்டு இன்ஜினைப் பார்க்க வேண்டும். ஆயில் அளவுகோலை உருவிப் பார்ப்பது முதல் வேலை. ஆயில் குறைந்தால் டேப்பட் தட்டும். காலையில் அதிகமாகக் கேட்டு, சூடேறியதும் குறைந்தால் புகைக்குழாய் கேஸ்கட்டில் கசிவு இருக்கலாம். மேட்டில் பெரிய கியரிலேயே அழுத்தும்போது மட்டும் சில்லறை குலுங்குவது போலக் கேட்டால், கியரைக் குறைத்துப் பார்க்க வேண்டும்.

ஆம்னி, டாடா ஏஸ் வைத்திருப்பவர்களுக்குக் கதை வேறு. அவற்றில் இழுவை பின்சக்கரத்துக்குப் போகிறது. வண்டி கிளம்பும்போதும், ரிவர்ஸ் போடும்போதும் அடியில் ‘டக்’ என்றால், நீள ஷாஃப்ட்டில் உள்ள கிராஸ் ஜாயின்டைப் பார்க்க வேண்டும். ஓரங்களில் செந்தூள் போலத் துரு கசிந்திருந்தால் உள்ளே காய்ந்துவிட்டது என்று அர்த்தம். அது உடைந்தால் ஷாஃப்ட் ரோட்டில் விழும்.

வாசகரின் கேள்விக்கு வருவோம். தேய்ந்த ஜாயின்ட் சில வாரங்கள் தட்டிக்கொண்டே ஓடவும் செய்யும். ஆனால், உடைகிற அன்று இன்ஜின் ஓடும், கியர் விழும், வண்டி மட்டும் நகராது. பிரசவ வலி எடுத்த பெண்ணை வைத்துக்கொண்டு நடுராத்திரியில் அப்படி நிற்க முடியாது. அதனால் இந்த வாரமே மாற்றிவிட வேண்டும். மாற்றும் வரை மூட்டை ஏற்ற வேண்டாம். அவசரம் என்றால் 108-ஐ அழைப்பதே மேல்.

வண்டிக்கு அடியில் பார்க்கும்போது ஜாக்கியை மட்டும் நம்பிப் படுக்கக் கூடாது. பின்சக்கரங்களுக்குக் கல், பாடிக்குக் கீழே உறுதியான மரக்கட்டை, இரண்டும் வேண்டும். வேலையைப் பட்டறையில் கொடுப்பதே சரி. நடு நட்டைச் சரியான முறுக்கத்தில் இறுக்க வேண்டும். கழற்றிய பழைய ஜாயின்டைக் கேட்டு வாங்கி, கையில் ஆட்டிப் பார்க்கலாம். ஷாஃப்ட்டை உருவும்போது கியர் ஆயில் வடிந்துவிடும். திரும்ப ஊற்றி அளவு பார்த்தார்களா என்று கேட்டுவிட்டு வண்டியை எடுக்க வேண்டும்.