எரிவாயுவில் ஒளிந்திருக்கும் மணல்

காலையில் தலைக்கு ஷாம்பு தேய்த்து முழுகுகின்றோம். முகத்துக்குக் களிம்பு பூசுகின்றோம். கழுவிய நீர் கால்வாய் வழியே ஓடியதும் அதன் கதை முடிந்தது என்று எண்ணுகின்றோம். முடியவில்லை, நேயர்களே! பல மைல்களுக்கு அப்பால் உள்ள ஓர் இயந்திரத்தின் ஆயுளை அது குறைத்துவிடவுங் கூடும்.

ஐரோப்பிய நகரங்கள் பலவற்றில், கழிவு நீரிலிருந்து பிரித்த சேற்றைக் காற்றுப் புகாத தொட்டிகளில் அடைத்துவைக்கின்றனர். நுண்ணுயிர்கள் அதனைச் சிதைக்க, மீதேனும் காபனீரொட்சைட்டும் கலந்த உயிர்வாயு பிறக்கின்றது. இதனை எரித்து மின்சாரம் பெறலாம். நன்கு சுத்திகரித்தால், வீட்டு அடுப்புகளுக்குச் செல்லும் எரிவாயுக் குழாயிலும் சேர்க்கலாம்.

இங்கேதான் நமது ஷாம்பு குறுக்கிடுகின்றது. அழகுப் பொருள்களுக்கு வழவழப்பைத் தரும் சிலொட்சேன்கள் என்னுஞ் சேர்வைகளில், சிலிக்கன் அணுவும் ஒட்சிசன் அணுவும் மாறி மாறிக் கோக்கப்பட்டுள்ளன. இவற்றுட் பல எளிதில் ஆவியாகி உயிர்வாயுவுடன் கலந்துவிடும். எரியும்போது இவை சிலிக்காவாக மாறும். கடற்கரை வெண்மணலில் இருப்பதும் அதே சிலிக்காதான்! அது பிஸ்டனிலும் வால்விலும் படிந்து இயந்திரத்தைத் தேய்க்கின்றது.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். ஓர் இயந்திரம் மணிக்கு 100 கன மீற்றர் வாயுவை எரிக்கின்றது. ஒவ்வொரு கன மீற்றரிலும் 10 மில்லிகிராம் சிலிக்கன் உள்ளது எனக் கொள்வோம். ஒரு நாளில் உட்செல்லுஞ் சிலிக்கன் 24 கிராம். அது எரிந்து தருஞ் சிலிக்கா ஏறக்குறைய 51 கிராம். அதில் ஒரு பகுதி புகையோடு போயினும், எஞ்சியது உள்ளேயே தங்கும் அன்றோ?

ஆகவே, குழாயிற் செலுத்தும் உயிர்மீதேனில் சிலிக்கனின் அளவு கன மீற்றருக்கு 0.3 முதல் 1 மில்லிகிராம் வரையான எல்லைக்குள் அடங்க வேண்டுமென 2016ஆம் ஆண்டின் ஐரோப்பியத் தரநிர்ணயம் விதித்தது. ஓர் அரிசியை அறுபது கூறாக்கினால் ஒரு கூற்றின் நிறை ஏறக்குறைய 0.3 மில்லிகிராம். அத்துணைச் சிறிய பொருளை ஒரு கன மீற்றர் வாயுவில் எவ்வாறு தேடுவது?

வாயுவை நீண்ட நுண்குழாயொன்றினூடே செலுத்துவர். ஒவ்வொரு சேர்வையும் வெவ்வேறு நேரத்தில் வெளிவரும். திணிவு நிறமாலைமானி அதனை இன்னதென அடையாளங் காட்டும். கேட்பதற்கு எளிது, செய்வதோ அரிது. சிலொட்சேன் மாதிரி எடுக்கும் கலத்தின் சுவரில் ஒட்டிக்கொண்டால் அளவு குறைவாகத் தோன்றும். கருவியின் சில பாகங்களே சிலிக்கோனால் ஆனவை; ஆய்வாளரின் கையிற் பூசிய களிம்பிலும் அது இருக்கலாம். அப்போது இல்லாதது இருப்பதாகத் தோன்றும்.

குறைத்துக் காட்டினால் இயந்திரம் பழுதாகும். கூட்டிக் காட்டினால் நல்ல வாயு நிராகரிக்கப்படும். வாயுவை வடிகட்டும் கரியும் காலத்துக்கு முன்னரே வீசப்படும். எமது நாட்டுச் சிரட்டையிலிருந்தும் ஆக்கப்படுகின்ற வடிகட்டுங் கரியின் விலையறிந்தவர்க்கு அந்த நட்டம் விளங்கும். இதனாலேயே பிரித்தானியாவின் தேசிய பௌதிக ஆய்வுகூடம் போன்ற நிறுவனங்கள், சிலொட்சேனின் அளவு துல்லியமாகத் தெரிந்த வாயுக் கலவைகளை ஆக்கியுள்ளன. கடைத் தராசுக்குப் படிக்கல் எப்படியோ, இக்கருவிகளுக்கு அக்கலவைகள் அப்படி.

ஐரோப்பிய ஒன்றியம், கழுவி நீக்கப்படும் அழகுப் பொருள்களில் இருவகைச் சிலொட்சேன்களை 2020 முதல் நூற்றுக்கு 0.1 பங்குக்குக் கீழ்க் கட்டுப்படுத்தியுள்ளது. நீரையும் உயிரினங்களையும் காக்க எழுந்த விதி அது. இயந்திரங்களுக்கும் நன்மை செய்யக்கூடும்.

மாணவர்களே, எந்த அளவையும் எழுதுமுன் ஒரு கணம் நில்லுங்கள். அளக்கப்படும் பொருளை மட்டுமன்று, அளக்குங் கலத்தையும், அளக்குங் கையையும் ஐயுறுதல் வேண்டும். விஞ்ஞானத்தின் நேர்மை அங்கேதான் தொடங்குகின்றது.