காளான் டோஸ்ட்டும் செட்டிநாட்டுச் சமையல்தான்: ஒரு காரமில்லாத சண்டை

முதல்லயே சொல்லிடறேன் மக்களே, இது முழுக்கச் சமையல் குறிப்புப் பதிவு இல்ல. குறிப்பு கீழ வருது. ஆனா அதுக்கு முன்னாடி கொஞ்சம் திட்ட வேண்டியிருக்கு. பசியோட வந்தவங்க நேரா கீழ போயிடலாம், நான் கோச்சுக்க மாட்டேன் :-)

எனக்குச் சொந்த ஊர் காரைக்குடி. பொட்டி தட்டறதுக்காக ஊரை விட்டுக் கிளம்பின நாள்லேர்ந்து, இந்த ஒரு வரியைச் சொன்னா அடுத்து வர்ற டயலாக் மாறினதே இல்ல. "அப்போ நீங்க நல்லா காரமா சாப்பிடுவீங்களே!" டீமோட லஞ்சுக்குப் போனா மெனு கார்டை என் பக்கம் தள்ளுவாங்க. "பாஸ், உங்க ஊர் ஐட்டம் இருக்கு." பார்த்தா 'மஷ்ரூம் செட்டிநாடு'. செக்கச்செவேல்னு ஒரு குழம்பு, மேல ஒரு இஞ்ச் எண்ணெய், உள்ள எங்கயோ மூச்சு முட்டிக்கிட்டுக் கிடக்கற நாலு காளான். அதே குழம்புல பன்னீரைப் போட்டா பன்னீர் செட்டிநாடு, கோழியைப் போட்டா சிக்கன் செட்டிநாடு. நம்ம பாஷையில சொன்னா கோட் ஒண்ணுதான், வேரியபிள் பேரை மட்டும் மாத்தி மாத்தி ரிலீஸ் பண்றாங்க.

இதுல நான் சொல்ல வர்றது ரொம்பச் சின்ன விஷயம். வீட்டுல ரெண்டு துண்டு ரொட்டி, ஒரு கை காளான், வெண்ணெய், மிளகு, உப்பு வெச்சுப் பண்ற காளான் டோஸ்ட் இருக்கே, அது அந்தச் செவப்புக் குழம்பை விட செட்டிநாட்டுச் சமையலுக்குக் கிட்டக்க இருக்கு. இருங்க இருங்க, கல்லைக் கீழ போடுங்க. ஒவ்வொண்ணா வர்றேன்.

முதல் குற்றச்சாட்டு: "காரம் இல்லாம என்னய்யா செட்டிநாடு?"

மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. 1498ல வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுல வந்து இறங்கினப்ப நம்ம நாட்டு அடுப்புல மிளகாய் கிடையாது. அதுக்கப்புறம் போர்த்துக்கீசியர்கள் வழியா வந்தது. அந்தப் பேரையே பாருங்க, மிளகு மாதிரி காரமா இருக்கற காய், அதனால மிளகாய். ஒரிஜினல் மிளகு, மிளகாய் டூப்புதான்!

சரி, வரலாற்றை விடுங்க. எங்க ஊர்ப் பக்கம் வீட்டுல என்ன சாப்பிடறாங்கன்னு பாருங்க. வெள்ளைப் பணியாரம். பச்சரிசியும் உளுந்தும் ஊறவெச்சு அரைச்சு எண்ணெயில ஊத்தி எடுக்கறது, மாவுல மிளகாயே கிடையாது. கும்மாயம், பால் பணியாரம், கவுனி அரிசி, எல்லாம் இனிப்பு. வெண்டைக்காய் மண்டின்னு ஒண்ணு இருக்கு, அரிசி கழுவின தண்ணியில புளியைக் கரைச்சு வைக்கறது. அந்தத் தண்ணியைக் கீழ கொட்டாம எடுத்து வெச்ச புத்திசாலி யாரோ, அவங்க காலைத் தொட்டுக் கும்பிடணும். கத்தரிக்காய் கோசமல்லி, தண்ணிக் குழம்பு, எதுவுமே வாயில தீ வைக்கற சமாச்சாரம் கிடையாது. உப்புக்கறி காரமாத்தான் இருக்கும், ஒத்துக்கறேன். ஆனா அதுலயும் கறி, சின்ன வெங்காயம், பூண்டு, வரமிளகாய், உப்பு, எண்ணெய், கிட்டத்தட்ட அவ்ளோதான். நாக்குல வெச்சா கறியோட ருசி தெரியணும்.

எங்க அப்பத்தா கறிக்குழம்பு சரியில்லன்னா ஒரே ஒரு வார்த்தைதான் சொல்லும். "மசாலா வாடை அடிக்குது." அதாவது கறி மணக்கலைன்னு அர்த்தம். இன்னிக்கு ஹோட்டல்ல அந்த மசாலா வாடைக்குத்தான் நம்ம காசு குடுக்கறோம்.

ரெண்டாவது: "காளான் எல்லாம் நம்ம சாப்பாடா?"

இந்தக் கேள்வி வர்றதுல ஆச்சரியம் இல்ல. பாவம், காளானுக்கு நம்ம பாஷையில நல்ல பேரே கிடையாது. காட்டுல முளைச்சா நாய்க்குடை. கண்ட கண்ட இடத்துல ஏதாவது பெருகினா 'காளான் மாதிரி முளைக்குது'ம்போம். சங்க காலத்துலயே இந்தக் கதைதான். புறநானூற்றுல பெருந்தலைச் சாத்தனார் குமணன் கிட்ட தன் வறுமையைச் சொல்றப்ப, சமைக்கறதையே மறந்து போன அடுப்புல ஆம்பி பூத்துக் கிடக்கறதைச் சொல்றார். ஆம்பின்னா காளான். அடுப்பு எரியாத வீட்டோட அடையாளம் அது.

ஆனா அதே நாட்டுல மழை பேஞ்ச மறுநாள் விடியறதுக்கு முன்னாடி புத்துப் புத்தாத் தேடிப்போய்க் காளான் பறிச்சுக் குழம்பு வெச்ச ஜனங்களும் உண்டு. இடி இடிச்சா காளான் முளைக்கும்னு இன்னிக்கும் எங்க பக்கம் சொல்லுவாங்க. அவங்க சாப்பாடு மெனு கார்டுல ஏறல, சமையல் புத்தகத்துலயும் அதிகம் ஏறல, அவ்ளோதான் வித்தியாசம். யாரோட அடுப்பை 'நம்ம அடுப்பு'ன்னு கணக்குல எடுத்துக்கறீங்கங்கறதைப் பொறுத்துத்தான் 'நம்ம சாப்பாடா'ங்கற கேள்விக்குப் பதில். (எது விஷம், எது நல்லதுன்னு பல வருஷம் பழகினவங்களுக்குத்தான் தெரியும். நெட்ல போட்டோ பார்த்துட்டு வயல்ல போய்ப் பறிச்சுத் தின்னுடாதீங்க. உசுரு போயிடும், நெசமா.)

இன்னொரு விஷயம். 1990கள்ல தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பால் காளான் ஒண்ணை வெளியிட்டுச்சு. அதுக்குப் பேர் ஏபிகே 2. ஏபிகேன்னா அருப்புக்கோட்டை, எங்களுக்குப் பக்கத்து மாவட்டம். மொட்டுக் காளான் குளிர்ல வளர்றது, ஊட்டி மாதிரி இடம் கேக்கும். பால் காளான் நம்ம ஊர் வெயில்ல, 30, 35 டிகிரியில, வைக்கோல்லயே வளரும். வெயில் ஊர்ப் பேரையே சுமந்துக்கிட்டு இருக்கற காளானைப் பார்த்து 'வெள்ளைக்காரன் சாப்பாடு'ன்னு சொன்னா எப்படி?

கடைசியா ஒரு சிக்ஸர். செட்டிநாட்டு மசாலாவோட கையெழுத்தே கல்பாசிதான். அது இல்லேன்னா அந்த மணமே வராது. கல்பாசி என்னன்னு தெரியுமா? பேருல பாசி இருந்தாலும் அது வெறும் பாசி கிடையாது. லைக்கன். ஒரு பூஞ்சையும் பாசியும் சேர்ந்து குடித்தனம் பண்றது, அதுல வீடு கட்டிக் குடுக்கறது பூஞ்சைதான். காளானும் பூஞ்சை. ஆக, பூஞ்சை வேண்டாம்னு சொல்ற செட்டிநாட்டு மசாலா ரசிகர் தினமும் அதைத்தான் தாளிச்சுக்கிட்டு இருக்கார். ஹி ஹி.

மூணாவது: "பிரட்டா? யாருக்கு உடம்பு சரியில்ல?"

இதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச குற்றச்சாட்டு. நம்ம ஊர்ல பிரட்டுன்னாலே காய்ச்சல்தான். ஆஸ்பத்திரிக்கு யாரையாவது பார்க்கப் போனா ஒரு கையில ஹார்லிக்ஸ், இன்னொரு கையில பிரட் பாக்கெட். பால்ல தொட்டுக் குடுப்பாங்க. அதனாலேயே எனக்கு ரொட்டின்னா உடம்புக்கு முடியாதப்ப யாரோ பக்கத்துல உக்கார்ந்து ஊட்டின ஞாபகம்தான் வருது. அது குறையா என்ன? ஆறுதலுக்குன்னு ஒரு சாப்பாடு வேணும்னா அதுக்கு இதைவிடத் தகுதி வேற என்ன வேணும்?

'வெளிநாட்டுச் சரக்கு'ங்கற வாதத்தைச் செட்டிநாட்டுக்காரன் கிட்ட மட்டும் வைக்காதீங்க. வீட்டுத் தூண் பர்மாத் தேக்கு. தரையில இத்தாலிப் பளிங்கு. கண்ணாடி பெல்ஜியம். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழைய சாமான் கடைகள்ல ஐரோப்பாவுலேர்ந்து கப்பல்ல வந்த இனாமல் பாத்திரங்களை இன்னிக்கும் பார்க்கலாம். கவுனி அரிசி பர்மாவுலேர்ந்து வந்ததுன்னுதான் ஊர்ல சொல்லுவாங்க. ஒரு பலகாரத்துக்குப் பேரே ரங்கூன் புட்டு! மசாலா டப்பாவைத் திறந்தா அன்னாசிப்பூ தெற்குச் சீனா, வியட்நாம் பக்கத்தது. கிராம்பு இந்தோனேசியத் தீவுச் சரக்கு. சோம்பு மத்தியதரைக் கடல் பக்கத்தது. இத்தனையையும் வாங்கி வீட்டுல உக்கார வெச்சுச் சொந்தமாக்கினதுதான் செட்டிநாட்டுச் சமையல். ரங்கூனை உள்ள விட்ட அடுப்பு, ரெண்டு துண்டு ரொட்டியை மட்டும் வாசல்ல நிக்க வைக்குமா?

நாலாவது: "இதெல்லாம் ஒரு சமையலா? மசாலா அரைச்சாத்தான் மரபு."

இந்த இடத்துலதான் எனக்கு உண்மையாவே கோவம் வருது. மரபு மரபுன்னு மேடை போட்டுப் பேசற ஆம்பளைங்கள்ல எத்தனை பேர் அம்மியில ஒரு தடவையாவது அரைச்சிருக்காங்க? அந்த மரபோட கைவலி யாருக்கு? பெரிய வீட்டுச் சமையல்காரங்களுக்கு, வேலைக்கு வந்த பொம்பளைங்களுக்கு, நம்ம அம்மாக்களுக்கு. அவங்க அரைப்பாங்க, நம்ம சாப்பிட்டுட்டுப் பெருமை பேசுவோம். பதிவும் போடுவோம். ராத்திரி பத்து மணிக்கு ஆணி புடுங்கி முடிச்சுட்டு வர்ற பொண்ணு, பத்து நிமிஷத்துல தனக்குன்னு ஒரு தட்டு டோஸ்ட் பண்ணிச் சாப்பிட்டா "இது சமையலே இல்ல"ன்னு தீர்ப்பு. ஆம்பளை அதையே பண்ணினா "பரவால்லையே, சமைக்கவெல்லாம் செய்யறானே!" நல்லா இருக்குய்யா உங்க நியாயம்.

எளிமையான சாப்பாட்டை மட்டம் தட்டறது கடைசியில யார் தலையில விடியுதுன்னு யோசிங்க. சமைக்கறவங்க தலையிலதான்.

சரி, திட்டினது போதும். இப்போ குறிப்பு. ரெண்டு பேருக்கு.

மொட்டுக் காளான் 200 கிராம், ஒரு பாக்கெட். ரொட்டி நாலு துண்டு. சின்ன வெங்காயம் ஆறு, பூண்டு மூணு பல், பொடியா நறுக்கிக்கங்க. மிளகு முக்கா டீஸ்பூன், ஒண்ணு ரெண்டா தட்டினது. சோம்பு ஒரு சிட்டிகை, கறிவேப்பிலை ஒரு கொத்து, வெண்ணெய் ஒண்ணரை டேபிள் ஸ்பூன், உப்பு. ஆசைப்பட்டா கடைசியில ரெண்டு சொட்டு எலுமிச்சை.

காளானைத் தண்ணியில வேகமா அலசித் துடைச்சுடுங்க. "கழுவினா தண்ணியைக் குடிச்சிடும்"னு பயமுறுத்துவாங்க. காளான்ல பத்துல ஒன்பது பங்கு ஏற்கனவே தண்ணிதான், 200 கிராம்ல சுமார் 180. அலசறதுல ஏர்றது சில கிராம். அதுக்குப் பயந்து மண்ணோட சாப்பிடாதீங்க. அரை சென்டிமீட்டர் தடிமனா நறுக்குங்க, மெலிசா வேண்டாம்.

தோசைக்கல்லை நல்லாக் காய வெச்சு, எண்ணெய் எதுவும் இல்லாம காளானைப் பரப்புங்க. ஒண்ணு மேல ஒண்ணு குவிக்கக் கூடாது. கல்லு சின்னதா இருந்தா ரெண்டு தடவையாப் போடுங்க. அப்புறம் கையைக் கட்டிக்கிட்டு நில்லுங்க, கிளறாதீங்க. தண்ணி விடும், விடட்டும். அந்தத் தண்ணி இருக்கற வரைக்கும் சூடு 100 டிகிரியைத் தாண்டாது, காளான் அவியத்தான் செய்யும். தண்ணி வத்தி 140 டிகிரி பக்கம் போனாத்தான் செவக்கும், மணம் வரும். இதைத்தான் 1912ல மெயில்லார்ட்னு ஒரு பிரெஞ்சுக்காரர் எழுதி வெச்சார். எங்க அப்பத்தா "சுண்ட வதக்கு"ன்னு ரெண்டே வார்த்தையில சொல்லி முடிச்சிடும்.

காளான் ஓரம் செவந்ததும் வெண்ணெய், சோம்பு, கறிவேப்பிலை, வெங்காயம், பூண்டு. ரெண்டு மூணு நிமிஷம். உப்பு இப்பத்தான் போடணும், முன்னாடியே போட்டா தண்ணி மொத்தமா விட்டுக் கல்லு குளமாயிடும். அடுப்பை அணைச்சுட்டு மிளகு. பயப்படாதீங்க, அஞ்சு நிமிஷம் கூட இருந்தாலும் காளான் குழையாது. அதோட செல் சுவர்ல இருக்கறது கைட்டின், இறால் ஓட்டுல இருக்கற அதே வஸ்து. சமையல் கத்துக்கறவங்களுக்கு இதைவிட மன்னிக்கற பொருள் கிடையாது.

எடுத்து வெச்சுட்டு, அதே கல்லுல ஒட்டிக்கிட்டிருக்கற வெண்ணெயிலயே ரொட்டியை ரெண்டு பக்கமும் மொறுமொறுன்னு வாட்டி, மேல காளானைக் குவிச்சு உடனே சாப்பிடுங்க. பால் காளான்னா இன்னும் மெலிசா நறுக்கணும். சிப்பிக் காளான்னா கையால கிழிச்சாப் போதும்.

கரம் மசாலா, மிளகாய்த்தூள், தக்காளி சாஸ், சீஸ் எதுவும் வேண்டாம். முக்கியமா, கடைப் பாக்கெட்டுல வர்ற 'செட்டிநாடு மசாலா' வேண்டவே வேண்டாம். முதல் வாய்ல காளான் தெரியணும், அப்புறம் வெண்ணெய், எல்லாம் உள்ள போனதுக்கப்புறம் தொண்டையில மிளகு மெதுவா வந்து எட்டிப் பார்க்கணும். இந்த வரிசை இருக்கே, இதுதான் எங்க ஊர்.

காரைக்குடிக் கண்டாங்கிச் சேலைக்கு 2019ல புவிசார் குறியீடு கிடைச்சுது. யார் வேணா எதை வேணா நெய்து கண்டாங்கின்னு சொல்ல முடியாது. சமையல்ல அந்தக் காவல் இல்ல. செவப்பா எதை ஊத்தினாலும் 'செட்டிநாடு'தான். இதுல எனக்குப் பெரிய பயம் வெளியூர்க்காரங்களைப் பத்தி இல்ல. அந்த மெனு கார்டைப் படிச்சு வளர்ற எங்க ஊர்ப் பசங்களே, வெள்ளைப் பணியாரமும் மண்டியும் சப்புன்னு இருக்கு, இது செட்டிநாடு இல்லன்னு சொல்லிடுவாங்களோங்கறதுதான். அப்புறம் அதைச் சமைக்கவும் ஆள் இருக்காது.

அதனால ஒரு வேண்டுகோள். உங்க ஊர் பேருல மெனு கார்டு என்ன பொய் சொல்லுதுன்னு நீங்களும் ஒரு பதிவு போடுங்க. கூடவே உங்க வீட்டுல நெசமாவே சாப்பிடற, ஒருத்தரும் கண்டுக்காத ஒரு எளிய சாப்பாட்டையும் எழுதுங்க.

டிஸ்கி: 'காரம் இல்லாதவன் கோழை' டைப் பின்னூட்டங்கள் வரவேற்கப்படுகின்றன. ஆனா டோஸ்ட் பண்ணிச் சாப்பிட்டுட்டு வந்து திட்டுங்க. வெறும் வயித்தோட வர்றவங்களோட நான் சண்டை போடறதில்ல.